முழங்கால் மாற்று அறுவை: யார் நடக்கச் சிரமப்படுவார்? முன்பே எப்படித் தெரியும்?

அறுவைக்கு மறுநாளே ஒருவர் வாக்கரைப் பிடித்து நடக்கிறார். பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கோ எழுந்து நிற்கவே முடியவில்லை. இருவருக்கும் ஒரே மாதிரி செயற்கை மூட்டுதான். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

வலி, தலைசுற்றல், இரத்தசோகை எனக் காரணங்கள் பல. முக்கியமானது தொடையின் முன்பக்கத் தசை. நாற்காலியிலிருந்து எழும்போது முழங்காலை நீட்டித் தாங்குவது அதுதான். அறுவைக்குப் பின் மூட்டு வீங்கும்போது, அங்கிருந்து செல்லும் நரம்புச் சமிக்ஞைகள் அந்தத் தசையை இயக்கும் தண்டுவட நரம்பணுக்களை அடக்கிவிடுகின்றன. தசை இருந்தும் கட்டளை முழுதாக வந்து சேர்வதில்லை. முதல் மாதத்தில் அதன் பலம் பாதிக்கும் கீழே போகலாம். முன்பே மெலிந்த தசை என்றால் சிரமம் இரட்டிப்பு.

இதை எப்படிக் கணிப்பது? 1991இல் அறிமுகமான எளிய சோதனை ஒன்று உண்டு. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். ஆகும் நேரத்தைக் குறித்துக்கொள்வார்கள். கைப்பிடியை அழுத்தி எழுகிறாரா, திரும்பும்போது தடுமாறுகிறாரா என்பதையும் கவனிப்பார்கள். ஆஸ்திரேலியாவில் 2003இல் வெளியான மதிப்பெண் முறையோ வயது, பாலினம், நடக்கும் தூரம், ஊன்றுகோல், வெளியுதவி, வீட்டில் துணை ஆகியவற்றைப் பார்க்கிறது. மதிப்பெண் 6க்குக் கீழ் என்றால் நீண்ட மறுவாழ்வுச் சிகிச்சை தேவைப்படலாம்.

இந்தக் கணிப்பு யாரையும் ஒதுக்குவதற்கல்ல. தசைப் பயிற்சியையும் இரத்தசோகைச் சிகிச்சையையும் அறுவைக்கு முன்பே தொடங்கத்தான். தேதி குறிக்கும்போதே பிசியோதெரபிஸ்ட்டையும் பாருங்கள்.