இனங்கடந்த தோழமையும் தன்பாலீர்ப்பு ஆண்களின் நலவாழ்வும்: ஓர் ஒப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

ஒடுக்கப்பட்டோர் தமக்குள் வேற்றுமை பாராட்டுவதில்லை என்னும் பொதுக்கருத்து மறுஆய்வுக்குரியது. தன்பாலீர்ப்பு ஆண்களிடையே தோழமை, நலவாழ்வு, உரிமைச் செயல்பாடு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தே நிலைபெறுகின்றன என்பதை அமெரிக்க அமைப்பொன்றையும் சென்னை அமைப்புகளையும் ஒப்பிட்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தன்பாலீர்ப்பு, இனவேற்றுமை, சாதி, நலவாழ்வு, ஓரினம், சகோதரன்.

முன்னுரை

1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, தன்பாலீர்ப்பு ஆண்களைக் குற்றவாளிகளாக்கப் பயன்பட்டது. வயதுவந்தோர் இருவர் மனமொத்துக் கொள்ளும் உறவு குற்றமாகாது என 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும், சட்டத்தடை நீங்கிய அளவில் சமத்துவம் கைகூடிவிடுவதில்லை. வெளியுலகின் ஏற்றத்தாழ்வுகள் அக்குழுவினரின் உள்ளேயும் இடம்பெறுகின்றன. அவற்றைக் களையும் வழி யாது என்பதே இங்கு எழும் வினா.

கறுப்பரும் வெள்ளையரும்

1980இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் மைக்கேல் ஸ்மித் என்பவரின் முயற்சியால் 'கறுப்பு வெள்ளை ஆண்கள் ஒன்றாக' எனப் பொருள்படும் பெயருடைய அமைப்பு தோன்றியது. இன எல்லையைக் கடந்து நட்பும் உறவும் நாடியோர் அதில் கூடினர். நட்பு வளர்ந்தபோது அநீதியும் கண்ணுக்குப் புலப்பட்டது. தன்பாலீர்ப்பு ஆண்கள் கூடும் மதுவிடுதிகளிலேயே கறுப்பரிடம் மட்டும் கூடுதல் அடையாளச் சான்றுகள் கேட்கப்பட்டன. வெள்ளை நண்பர் தடையின்றி உள்ளே சென்றார். உடன்சென்றவர் கண்ட இவ்வேறுபாடு, விடுதிகளின் பாகுபாட்டுக்கு எதிரான போராட்டமாக மாறியது.

எய்ட்ஸ் நோய் பரவிய காலத்தில் இவ்வமைப்பின் பணி நலவாழ்வுத் துறைக்கும் விரிந்தது. வெள்ளையரை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட விழிப்புணர்வுச் செய்திகள் கறுப்பின ஆண்களைச் சென்றடையவில்லை. 1988இல் நடுவணரசின் நோய்க்கட்டுப்பாட்டு மையங்கள் அளித்த நிதியுடன் தேசிய எய்ட்ஸ் தடுப்புப் பணிக்குழு உருவாயிற்று. ரெஜி வில்லியம்ஸ் அதனை வழிநடத்தினார். தோழமையிலிருந்து போராட்டம், அதிலிருந்து நலப்பணி என்பது இவ்வமைப்பின் வளர்ச்சிப் போக்காகும்.

சென்னைச் சூழல்

சென்னையில் இவ்வரிசை மாறி அமைந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986இல், மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினரால் சென்னையில் கண்டறியப்பட்டது. 1998இல் சுனில் மேனன் நிறுவிய 'சகோதரன்' அமைப்பு நலப்பணியையே வாயிலாகக் கொண்டது. மருத்துவமனைக்குச் செல்ல அஞ்சியவர்களை, அவர்களுள் ஒருவரே களப்பணியாளராகச் சென்று சந்திக்கும் முறை அச்சத்தைக் குறைத்தது.

2003இல் ஆதரவுக் குழுவாகத் தொடங்கிப் பின்னர் 'ஓரினம்' எனப் பெயர் பெற்ற அமைப்பு, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துகளை வெளியிட்டு வருகிறது. 'ஓர் இனம்' என்னும் அப்பெயர் ஒற்றுமையைச் சுட்டுகிறது. ஆயினும், ஆங்கிலம் பயின்ற நகரத்தாரும், தம்மைக் 'கோத்தி' என அழைத்துக்கொள்ளும் உழைக்கும் வகுப்பாரும் எளிதில் ஓரிடத்தில் அமர்வதில்லை. அமெரிக்காவில் நிறம் வகுத்த எல்லையை இங்கு மொழியும் வகுப்பும் சாதியும் வகுக்கின்றன. 2009 ஜூன் 28 அன்று சென்னையில் நடைபெற்ற முதல் வானவில் பேரணி, பல அமைப்புகள் இணைந்து நடத்தியமையால் இவ்வெல்லையைக் கடந்த முயற்சியாகக் கொள்ளத்தக்கது.

சொல்லும் சட்டமும்

2021 ஜூன் 7 அன்று நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் வழங்கிய சென்னை உயர் நீதிமன்ற ஆணை, பாலீர்ப்பை 'மாற்றும்' மருத்துவ முயற்சிகளைத் தடைசெய்தது. இவ்வழக்கின் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு அரசு 2022இல் பாலினம், பாலீர்ப்பு சார்ந்த தமிழ்ச் சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. இழிசொல்லன்றி வேறு சொல் அறியாத ஒருவர் தம் நிலையை மருத்துவரிடம் எடுத்துரைத்தல் அரிது. ஆதலின், கலைச்சொல்லாக்கமும் நலப்பணியின் ஒரு கூறாகும்.

மேல்மலையனூர் போன்ற ஊர்களை நோக்க இதன் தேவை தெளிவாகும். அங்காளம்மன் கோயிலின் அமாவாசை ஊஞ்சல் விழாவில் பல சாதியாரும் ஒரே திடலில் கூடுகின்றனர். விடிந்தபின் அவரவர் தெருவுக்குத் திரும்புகின்றனர். கூடுதல் வேறு, தோழமை வேறு. ஒத்த ஈர்ப்பும் அத்தகைய திடலே. மனிதரை ஓரிடத்தில் சேர்க்குமேயன்றித் தெருக்களின் பிரிவை அழிக்காது. ஆங்கிலம் அறியாத சிற்றூர் இளைஞருக்குச் சென்னையின் பேரணியைவிட, தமிழில் பேசும் ஆலோசகரும் இழிவுபடுத்தாத அரசு மருத்துவமனையும் உடனடித் தேவைகளாகும்.

முடிவுரை

தோழமையின்றி நலப்பணி செய்தால் அது மருந்து வழங்கலாகச் சுருங்கும். நீதியுணர்வின்றித் தோழமை கொண்டால் அது வலியோரின் விருந்தோம்பலாகவே எஞ்சும். கறுப்பு நண்பர் வாயிலில் நிறுத்தப்பட்டபோது வெள்ளை நண்பரும் உள்ளே செல்லாது நின்றதில் இனங்கடந்த தோழமை தொடங்குகிறது. தமிழ்ச்சூழலில் அவ்வாயில் எது, அங்கு நிறுத்தப்படுவோர் யாவர் என்னும் வினாக்களைச் சாதி, மொழி நோக்கில் ஆராய்தல் இத்துறையின் அடுத்த பணியாகும்.