நம் பட்டியலை நாமே எழுதுவோம்

மலையாளத்தின் முதல் படம் 'விகதகுமாரன்'. ஜே.சி.டேனியல் எடுத்த அந்தப் பேசாப் படத்தின் கதாநாயகி பி.கே.ரோசி. புலையர் சமூகத்தில் பிறந்தவர். ஒரு தலித் பெண் திரையில் நாயர் பெண்ணாக வருவதைத் திருவனந்தபுரத்துச் சாதி இந்துக்களால் பொறுக்க முடியவில்லை. படம் திரையிடப்பட்டபோது ரோசியால் அரங்குக்குள் போக முடியவில்லை. கலவரம் வெடித்தது. உயிருக்குத் தப்பித் தமிழ்நாட்டுப் பக்கம் வந்த அவர், ராஜம்மாள் என்ற பெயரில் யாருக்கும் தெரியாமல் வாழ்ந்து மறைந்தார். அந்தப் படத்தின் பிரதியும் இன்று இல்லை. தான் நடித்த படத்தையே பார்க்க முடியாமல் போன நடிகை அவர்.

இதெல்லாம் பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2023 மார்ச் 30-ஆம் தேதி, சென்னை ரோகிணி தியேட்டரில் 'பத்து தல' படத்துக்கு டிக்கெட் எடுத்து வந்த நரிக்குறவர் குடும்பத்தை வாசலிலேயே நிறுத்திய காட்சியை நாடே பார்த்தது. சிறுவர்களுக்கான தணிக்கை விதியைத் தியேட்டர் தரப்பு காரணமாகச் சொன்னது. எதிர்ப்பு எழுந்த பிறகே அவர்கள் உள்ளே அனுமதிக்கப்பட்டார்கள். அடுத்த சில நாட்களில், ஏப்ரல் மாதத்தில், இயக்குநர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் அதே சென்னையில் பி.கே.ரோசி பெயரில் திரைப்பட விழா நடத்தியது. எந்தெந்தப் படங்களைப் பார்க்க வேண்டும் என்று நம் ஆட்களே உட்கார்ந்து தேர்ந்தெடுத்த விழா அது.

பொதுக் கேளிக்கை இடங்களில் சாதியைக் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு. கடை, ஓட்டல், கிணறு, குளம் ஆகியவற்றோடு கேளிக்கை இடத்தையும் அதே வரிசையில் வைத்தார்கள். படம் பார்ப்பதும் உரிமைதான்.

செல்போனில் இருக்கும் வாசல்

ஏரியூரிலும் சுற்றியுள்ள சேரிகளிலும் இன்று சினிமா பெரும்பாலும் செல்போனில்தான் ஓடுகிறது. பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போன பிள்ளைகள் ஊர் திரும்பும்போது போனில் படங்களோடு வருகிறார்கள். நாகமரை பரிசல் துறையில் காத்திருக்கும் நேரத்திலும் கையில் ஒரு படம் ஓடும். டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. வாசலில் நிறுத்த ஆளும் இல்லை.

ஆனால், போனைத் திறந்ததும் முதலில் வந்து நிற்கும் படத்தை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. அதிகம் பேர் பார்த்ததையும், அதிகம் விளம்பரம் செய்ததையும் அது நீட்டுகிறது. அரைமணி நேரம் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே நாலு முறை பார்த்த சண்டைப் படத்தையே மறுபடி போட்டுவிட்டுத் தூங்கிப்போகிறோம். நம் வாழ்க்கையைச் சொன்ன படங்கள் அந்தக் குவியலில் எங்கேயோ அடியில் கிடக்கின்றன. அவற்றின் பெயர் தெரிந்தால்தான் தேடவே முடியும்.

அதனால்தான் சொல்கிறோம்: பார்க்க வேண்டிய படங்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

பட்டியல் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. 1936-இல் வெள்ளையர் அரசு வெளியிட்ட ஆணையில்தான் நம் சாதிகளின் பெயர்கள் முதன்முதலாகப் பட்டியலில் ஏறின. அன்று முதல் நாம் பட்டியல் சாதியினர். அந்தப் பட்டியலை எழுதியது அரசாங்கம். இந்தச் சினிமாப் பட்டியலையாவது நம் கையால் எழுதுவோம்.

கடைசிக் காட்சியில் யார் உயிரோடு?

எழுதும்போது படத்தின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்கு இடம் விடுங்கள். 'கடைசிக் காட்சியில் நம் ஆள் உயிரோடு இருக்கிறாரா?' விளையாட்டாகத் தோன்றும் இந்தக் கேள்வி, 90 ஆண்டு இந்திய சினிமாவைப் புரிய வைத்துவிடும்.

1935-இல் கே.பி.சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். 1942-இல் ஜெமினி தயாரிப்பில் எம்.எம்.தண்டபாணி தேசிகர் அதே வேடத்தில் நடித்தார். இரண்டும் பாட்டுக்காகக் கொண்டாடப்பட்ட படங்கள். ஆனால், நந்தன் கோயிலுக்குள் போக வேண்டுமானால் தீயில் இறங்கியாக வேண்டும் என்பதுதான் கதை. 1936-இல் வந்த இந்திப் படம் 'அச்சூத் கன்யா'வில் பிராமண இளைஞனை நேசித்த தீண்டத்தகாத வகுப்புப் பெண் கஸ்தூரி, ரயிலுக்குப் பலியாகிறாள். சத்யஜித் ரே 1981-இல் எடுத்த 'சத்கதி'யில் துக்கி, பண்டிதர் வீட்டு விறகைப் பிளந்து பிளந்து அங்கேயே விழுந்து சாகிறான். 1997-இல் வந்த சேரனின் 'பாரதி கண்ணம்மா'வில், ஊர்ப் பெரிய வீட்டுப் பெண்ணின் சிதையில் சேரி இளைஞன் பாய்கிறான்.

எடுத்தவர்களின் நோக்கத்தை நாம் குறை சொல்லவில்லை. சாதியைச் சாடத்தான் ரே அப்படி எடுத்தார். ஆனால், இவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால், நாம் செத்தால்தான் பார்ப்பவர்களுக்கு இரக்கம் வரும் என்று சினிமா நம்பியிருந்தது தெரியும். காதலித்த நம் பிள்ளைகளுக்குத் தீயையும் தண்டவாளத்தையும் தவிர வேறு முடிவை அது யோசிக்கவில்லை.

தருமபுரி மாவட்டத்தில் இதைச் சாதாரணமாகக் கடந்துவிட முடியாது. 2012 நவம்பர் 7-ஆம் தேதி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி சேரிகளில் நம் வீடுகள் எரிந்தன. காரணம், ஒரு காதல் திருமணம். மறு ஆண்டு ஜூலையில் அந்த இளைஞர் தண்டவாளம் ஓரம் பிணமாகக் கிடந்தார். அன்று பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் இன்று கல்லூரி முடித்து வேலை தேடுகிறார்கள். சாவைத் தவிர வேறு முடிவும் உண்டு என்பதை அவர்கள் திரையிலாவது பார்க்க வேண்டாமா?

பார்க்க முடியும். 2018 செப்டம்பரில் வந்த மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' படத்தில் பரியனைக் கொல்லத் தண்டவாளத்தில்தான் கிடத்துகிறார்கள். அவன் எழுந்து வருகிறான். கடைசியில் காதலியின் அப்பாவோடு நேருக்கு நேர் நின்று பேசுகிறான். மேஜையில் இரண்டு டீ கிளாஸ், நடுவில் ஒரு பூ. அதோடு படம் முடிகிறது. 'அச்சூத் கன்யா'வின் தண்டவாளத்திலிருந்து பரியன் எழுந்து வர 82 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. இந்த இரண்டு படங்களும் ஒரே நோட்டில் அடுத்தடுத்து இருந்தால்தான் அந்தத் தூரம் கண்ணில் படும். பிடிக்காத படத்துக்கும் பட்டியலில் இடம் வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

எதில் தொடங்கலாம்?

முதலில் சிரித்துப் பார்க்க ஒரு படம். ரஞ்சித்தின் 'அட்டகத்தி' (2012). சேரிப் பையன் காதலில் தோற்றாலும் பரோட்டா சாப்பிட்டுவிட்டுத் தெம்பாக நடக்கிற படம். நம் வாழ்க்கையில் வலி மட்டும்தான் இருக்கிறதா என்ன? பட்டியல் முழுக்க அழுகையாக இருந்தால், பத்தாவது படத்தில் நோட்டை மூடிவிடுவோம். குத்துச்சண்டைக்காக 'சார்பட்டா பரம்பரை' (2021).

பஸ் நிற்காத ஊரில் இருப்பவர்களுக்கு விளக்கமே தேவைப்படாத படம் 'கர்ணன்' (2021). தனித்தொகுதியில் ஜெயித்த சட்டமன்ற உறுப்பினரை நாற்காலியில் உட்கார விடாத கதை 'மாமன்னன்' (2023). அரூர் தனித்தொகுதி இருக்கும் மாவட்டத்தில் அதைப் பார்த்துவிட்டுப் பேச நிறைய இருக்கும். பள்ளி விடுமுறையில் தார் சுமக்கும் பிள்ளைகளின் படம் 'வாழை' (2024). விடுமுறையில் செங்கல் சூளைக்குப் போன அனுபவம் உள்ளவர்கள் அதை வேறு விதமாகப் பார்ப்பார்கள்.

அடுத்த மாநிலத்துக்கும் போக வேண்டும். நாகராஜ் மஞ்சுளேவின் மராத்திப் படம் 'ஃபன்றி' (2013). கூடப் படிக்கும் பெண்ணைப் பிடித்துப்போன பையன், பள்ளிக்கூடமே வேடிக்கை பார்க்கப் பன்றி பிடிக்க வேண்டியிருக்கிறது. கடைசியில் அவன் எறியும் கல், பார்க்கிற நம்மை நோக்கியே வருகிறது.

ஆவணப் படங்களில் இரண்டு. மலம் அள்ளும் தொழிலாளர்களைப் பற்றித் திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' (2017). ஊர் ஊராகத் திரையிடத் தடை வந்ததால் அதை யூடியூபில் வெளியிட்டார்கள். இன்னொன்று, ஆனந்த் பட்வர்தன் 14 ஆண்டுகள் எடுத்த 'ஜெய்பீம் காம்ரேட்' (2011). 1997-இல் மும்பை ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலை அவமதிப்பை எதிர்த்துக் கூடிய மக்களில் 10 பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றதிலிருந்து தொடங்கும் படம்.

நோட்டில் என்ன எழுதுவது?

படத்தின் பெயர், ஆண்டு, எடுத்தவர் பெயர். பார்த்த தேதி. யாரோடு பார்த்தோம். பிறகு நம் கேள்விகள்: கதை யாருடையது? நம் வீடும் சாப்பாடும் வேலையும் கேலிக்காகக் காட்டப்பட்டிருக்கின்றனவா, உள்ளபடியே இருக்கின்றனவா? பெண்களுக்குப் பேச இடம் இருக்கிறதா? முடிவில் நம் ஆள் எங்கே நிற்கிறார்? ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும். தாத்தா, பாட்டியிடம் அவர்கள் டூரிங் டாக்கீஸில் பார்த்த படங்களைக் கேட்டு எழுதுங்கள். தரை டிக்கெட் கதையும் கூடவே வரும். வேறு தெருவில் இருக்கும் கல்லூரி நண்பரோடு சேர்ந்து பார்க்க வேண்டிய படத்துக்குத் தனியாக ஒரு குறி போடுங்கள். நாம் மட்டுமே பார்த்துக்கொண்டால் போதாத படங்கள் இவை.

பட்டியலின் முதல் வரியில் ஜப்பார் படேலின் 'டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர்' இருக்கட்டும். அம்பேத்கராக நடித்த மம்மூட்டிக்குத் தேசிய விருது வாங்கித் தந்த படம். மகாத் குளத்தில் தண்ணீர் எடுத்ததும், நாக்பூரில் பவுத்தம் தழுவியதும் அதில் உண்டு. அரசுப் பணத்தில் எடுத்த அந்தப் படம் தமிழ்நாட்டுத் திரைக்குத் தமிழில் வர 2010 டிசம்பர் ஆகிவிட்டது. அதற்கும் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டியிருந்தது. அண்ணல் பிறந்த ஏப்ரல் 14 அன்று காலையில் சிலைக்கு மாலை போடுகிறோம். அன்று மாலை, தெருவில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, புரொஜெக்டர் வைத்து, பெரியவர்களையும் பிள்ளைகளையும் உட்கார வைத்து அந்தப் படத்தைப் போடலாம். முடிந்ததும் நோட்டில் தேதியை எழுதிக்கொள்ளுங்கள்.