‘வேண்டாம்’ என்று சொல்லும் உத்தியோகம்



தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், நினைத்தபோதெல்லாம் எவரும் பாரில் இறங்கிவிட முடியாது. அரசு அதிகாரிகள் முதலில் மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து மதிப்பிடுவர். சிப்பி முதிரவில்லையெனில் குளிப்புக்கு அனுமதியில்லை. வணிகர்களின் ஆவல் அங்கே செல்லாது. அரசு நடத்திய அந்த முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. ஆனால், ‘பொறு, முதலில் சோதிப்போம்’ என்று தடுக்கும் பணி மறைந்துவிடவில்லை. இன்று அது பெரிய நிறுவனங்களுக்குள்ளேயே அமர்ந்திருக்கிறது. அதன் பெயர் தலைமை இணக்க அதிகாரி. ஆங்கில வழக்கில் ‘சீஃப் கம்ப்ளையன்ஸ் ஆபீசர்’.

நிறுவனம் சட்டத்திற்கு இணங்க நடக்கிறதா என்று கண்காணிப்பதே இவர் பணி. இதன் அருமையை அறியத் தொலைவு செல்ல வேண்டாம். 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியாகத் தொடங்கி, 1962-இல் பெயர் மாறிய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியை அறிவீர்கள். 2023 செப்டம்பரில் சென்னை வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவரின் கணக்கில், அவ்வங்கியிலிருந்து 9,000 கோடி ரூபாய் தவறுதலாக வரவாயிற்று. பெரும்பகுதி உடனே திரும்பப் பெறப்பட்டது. கணினி எத்தனை இருப்பினும், விதிகள் நடைமுறையில் நிற்கின்றனவா என்று பார்க்கும் கண்கள் தேவை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இப்பதவிக்கு 2020 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி நெறிகள் வகுத்தது. பொது மேலாளருக்கு நிகரான உயர்நிலை. 15 ஆண்டு அனுபவம். குறைந்தது 3 ஆண்டுப் பதவிக்காலம். வணிக இலக்கு எதையும் இவர் தலையில் சுமத்தலாகாது. இயக்குநர் குழுவின் ஒப்புதலின்றி இடையில் நீக்கவும் முடியாது. ஏன் இத்தனை அரண்கள்? மேலதிகாரி விரும்பும் காரியத்திற்கு ‘வேண்டாம்’ என்று சொல்பவரின் நாற்காலி ஆடக்கூடாது என்பதற்காகவே!

சம்பளத்திலும் இதே நோக்கம்தான். தனியார் வங்கிகளுக்கு 2019-இல் வகுக்கப்பட்ட ஊதிய நெறிகளின்படி, கண்காணிப்புப் பணியாளரின் ஊதியம், அவர் கண்காணிக்கும் பிரிவின் லாபத்தைச் சார்ந்திருக்கலாகாது. நிலையான சம்பளமே அதில் பெரும்பங்காக இருக்க வேண்டும். திடீர்ச் செல்வம் இதில் இல்லை. மேல்நிலை அதிகாரிக்குரிய உறுதியான வருவாய் உண்டு.

வட்டியோடு தொடர்புடைய வங்கிப் பணிக்குத் தயங்குவோர் நம்மில் பலர். அவர்களுக்கும் வழி அடைபடவில்லை. பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு நிறுவனமும், தகுதிபெற்ற கம்பெனி செயலாளரையே இணக்க அதிகாரியாக நியமிக்க வேண்டும் என்பது ‘செபி’யின் 2015-ஆம் ஆண்டு விதி. மருந்து, உரம், கப்பல் என எத்துறையிலும் இப்பணி உண்டு. பிளஸ் டூ முடித்தவர் நுழைவுத் தேர்வு எழுதி, அடுத்த இரு நிலைத் தேர்வுகளையும் பயிற்சியையும் முடித்தால் கம்பெனி செயலாளர் ஆகலாம். வீட்டிலிருந்தே படிக்க இயலுமாதலால், நம் பெண்மக்களுக்கும் இது ஏற்றதன்றோ!

சட்டத்தைப் பிழையறப் படித்தல், கணக்கைப் புரிந்துகொள்ளுதல், தெளிவாக எழுதுதல் ஆகிய மூன்று திறன்களும் பயிற்சியால் வரும். நான்காவது ஒன்றுண்டு: அஞ்சாத நேர்மை. அதை எந்தக் கல்லூரியும் தருவதில்லை.

பெற்றோர்களே! பள்ளி முடிந்ததும் பிள்ளையின் கையில் பாஸ்போர்ட்டைக் கொடுத்து வளைகுடாவுக்கு அனுப்புமுன் ஒரு கணம் சிந்தியுங்கள். கடையில் மிச்சக் காசைச் சரியாகத் திருப்பிக் கொடுக்கப் பழக்கும்போதே, அமானிதம் பேணும் ஓர் அதிகாரியை நீங்கள் உருவாக்கத் தொடங்கிவிட்டீர்கள்.