குறை சொல்வதிலும் ஒரு கண்ணியம்

பெருநாள் தொழுகை முடிந்து மக்கள் ஒருவரையொருவர் தழுவிக்கொள்ளும் காட்சியை உங்கள் வீட்டு இளைஞர் ஒருவர் கைப்பேசியில் படம் பிடிக்கிறார் எனக் கொள்வோம். மாலையில் உறவினர் கூடியிருக்கும் வேளையில், ஆவலோடு அதை உங்களிடம் காட்டுகிறார். பள்ளிவாசலின் மினாரா ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. வெயிலுக்கு எதிரே நின்று எடுத்ததால் முகங்கள் இருண்டிருக்கின்றன. “இதையும் ஒரு படம் என்று காட்ட வந்தாயா?” எனச் சிரித்தபடி சொல்லிவிடுகிறீர்கள். கூடியிருந்தோரும் சிரிக்கின்றனர். இளைஞர் கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்கிறார்.

அன்பிற்குரிய வாசகர்களே! படத்தில் குறை இருந்தது உண்மையே. ஆயினும், அந்த உண்மையைக் கேட்டதால் அவர் பெற்ற பயன் யாது? இனி உங்களிடம் எதையும் காட்டக்கூடாது என்ற ஒன்றைத்தான் அவர் கற்றுக்கொண்டார்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பிறர் குறைகளைத் திருத்திய முறையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். இளைஞராயிருந்த அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள், தாம் கண்ட கனவொன்றைத் தம் சகோதரி அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் கூற, அவர்கள் அதைப் பெருமானாரிடம் தெரிவித்தார்கள். அப்துல்லாஹ் நல்ல மனிதர் என்று முதலில் பாராட்டிய நாயகம் (ஸல்) அவர்கள், இரவிலும் அவர் தொழுபவராக இருந்தால் எத்துணை நன்று என்ற கருத்தையும் அத்துடன் இணைத்து மொழிந்தார்கள். அதன் பின்னர் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் இரவில் சிறிது நேரமே உறங்கினார்கள் என்று அவர்களுடைய மைந்தர் ஸாலிம் (ரஹ்) அறிவிப்பது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது.

முஆவியா இப்னுல் ஹகம் (ரலி) என்னும் தோழர், தொழுகையின் நடுவே தும்மிய ஒருவருக்கு வாய்விட்டுப் பிரார்த்தித்துவிட்டார். சுற்றியிருந்தோர் அவரை முறைத்தனர், தொடைகளில் தட்டினர். தொழுகை முடிந்ததும் பெருமானார் (ஸல்) அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. தொழுகையில் மனிதர் பேச்சுக்கு இடமில்லை என்பதை விளக்கினார்கள். அவர்களைவிடச் சிறந்த ஆசிரியரை முன்னும் பின்னும் தாம் கண்டதில்லை என்று அத்தோழர் கூறியதை ஸஹீஹ் முஸ்லிம் எடுத்துரைக்கிறது.

இதனால் குறையை மறைத்துப் புகழ வேண்டும் என்பது பொருளாகாது. முறைப்படி தொழாத ஒருவரை, தொழுகை நிறைவேறவில்லை என்று கூறி மும்முறை திருப்பி அனுப்பியவர்களும் அதே நபி (ஸல்) அவர்களே. கற்றுத்தருமாறு அவர் வேண்டியதும், ருகூவு, ஸுஜூது என ஒவ்வொன்றையும் நிதானமாகச் செய்யும் முறையைக் கற்பித்தார்கள்.

ஆகவே, படமொன்று உங்கள் முன் நீட்டப்படும்போது, முதலில் அதிலுள்ள நல்லதைத் தேடுங்கள். இருவர் தழுவிக்கொள்ளும் கணத்தைத் தவறவிடாமல் பிடித்திருக்கிறாரே, அதனைப் பலரறியச் சொல்லுங்கள். குறையைத் தனியே கூறுங்கள். “கதிரவன் உன் முதுகுப்புறம் இருக்குமாறு நின்றால் முகங்கள் தெளிவாக விழும், படத்தின் ஓரத்தோடு மினாராவை ஒப்பிட்டுப் பார்த்தால் சாய்வு தெரியும்” என்று திருத்தும் வழியையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் சொல் படத்தைப் பற்றியதாக இருக்கட்டும். எடுத்தவரைத் தைக்க வேண்டாம்.

ஃபிர்அவ்னிடம் சென்ற மூஸா (அலை), ஹாரூன் (அலை) இருவரையும் மென்மையாகப் பேசுமாறு அல்லாஹ் பணித்ததைத் திருமறையின் 20ஆவது அத்தியாயமாகிய தாஹா கூறுகிறது. கொடுங்கோலனுக்கும் மறுக்கப்படாத மென்சொல், நம் வீட்டுப் பிள்ளைக்குக் கிட்ட வேண்டாமா?

இன்று ஜும்ஆ முடிந்து வீடு திரும்பியதும், அந்தப் பிள்ளையை அருகே அழையுங்கள். அந்தப் படத்தை மீண்டும் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள்.