தேர்வு பயம்: பிள்ளைகள் மனத்தில் நடப்பது என்ன?

பிப்ரவரி பிறந்துவிட்டால் நம் வீடுகளில் டி.வி. ஓடாது. ஊருக்குப் போகும் பேச்சும் எழாது. பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு! நன்றாகப் படிக்கிற பிள்ளைகூட, "எல்லாம் படிச்சேன், ஹால்ல உட்கார்ந்ததும் ஒண்ணுமே ஞாபகம் வரலை" என்று அழுவதுண்டு. "ஒழுங்காப் படிச்சிருந்தா ஏன் மறக்குது?" என்று நாமும் கேட்டுவிடுகிறோம். இந்தக் கேள்விக்கு உளவியலில் விடை இருக்கிறது. பெற்றோராகிய நாம் அதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

முதலில் ஒன்று: பயம் முழுவதும் கெடுதல் அல்ல. 1908-இல் அமெரிக்காவில் யெர்க்ஸ், டாட்சன் என்ற இருவர் எலிகளை வைத்துச் சோதனை செய்தார்கள். தவறான வழியில் போன எலிக்கு மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். கடினமான பாடத்தை, அதிர்ச்சி மிதமாக இருந்தபோது எலிகள் சீக்கிரம் கற்றன. பலமாக இருந்தபோது தாமதமாகக் கற்றன. பரீட்சை எழுதும் பிள்ளைக்கும் ஓரளவு பரபரப்பு தேவைதான். அளவு மீறினால்தான் வம்பு.

1967-இல் லீபர்ட், மோரிஸ் என்ற ஆய்வாளர்கள் தேர்வு பயத்தை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று, உடலின் படபடப்பு. உள்ளங்கை வியர்க்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், வயிறு பிசையும். எழுத ஆரம்பித்ததும் இது பெரும்பாலும் தணிந்துவிடும். மற்றது, மனத்தின் கவலை. "மார்க் குறைஞ்சா என்ன ஆகும்? அப்பா முகத்துல எப்படி முழிப்பேன்?" என்கிற ஓயாத உள்பேச்சு. மதிப்பெண்ணைக் குறைப்பதில் படபடப்பைவிடக் கவலைக்கே பெரும்பங்கு என்று பின்வந்த ஆய்வுகளும் காட்டுகின்றன.

ஏன் அப்படி? வியாபாரி பாஷையில் சொல்கிறேன். கிடங்கில் சரக்கு எவ்வளவு இருந்தாலும், எடுத்து விரித்துக் காட்டக் கடை மேசையில் இடம் வேண்டும். மேசை முழுக்க வேண்டாத மூட்டையை ஏற்றிவைத்தால் சரக்கை எங்கே வைப்பது? படித்தது நீண்டகால நினைவு என்னும் கிடங்கில் பத்திரமாகவே இருக்கிறது. அதை எடுத்துக் கையாளும் செயல்நினைவு என்பது மிகச் சிறிய மேசை. கவலை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் ஹாலில் வராத விடை, வெளியே வந்ததும் பளிச்சென்று வருகிறது.

இந்த மூட்டையை ஏற்றுவது யார்? பதின்மூன்று முதல் பத்தொன்பது வரையிலான வயதில், பிறர் தன்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்பதே பெரிய பாரம். அதன்மேல் நாமும் ஏற்றுகிறோம். சொந்த நிலமோ ஆள்பலமோ இல்லாத மாநிலத்தில், படிப்புதான் நம்மில் பலரை நிமிர்த்தி நிறுத்தியது. ஆகவே மதிப்பெண்ணைக் குடும்ப மானமாகவே பார்க்கப் பழகிவிட்டோம். "ஊரை விட்டு வந்து கஷ்டப்படறதே உனக்காகத்தான்" என்று பாசத்தில்தான் சொல்கிறோம். பிள்ளையின் காதில் அது கடன் பத்திரமாக விழுகிறது. ஊரிலிருந்து போன் வந்தால், சித்தப்பா பெண் வாங்கிய மார்க்கைச் சொல்லி வட்டியும் போட்டுவிடுகிறோம்!

படிக்கும் முறையும் ஒரு காரணம். திரும்பத் திரும்ப வாசித்தால் தெரிந்த மாதிரி இருக்கும். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் செய்த சோதனையில், மறுபடி வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து அதிகம் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்தோ, பாடத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே அதிகம் சொன்னார்கள். இப்படி எழுதிப் பழகிய பிள்ளைக்குக் கேள்வித்தாள் அந்நியமாகத் தோன்றாது.

மனத்திலுள்ள கவலையைத் தேர்வுக்கு முன் பத்து நிமிடம் தாளில் எழுதிவிட்டால் பயந்த பிள்ளைகளின் மதிப்பெண் கூடியது என்று 2011-இல் ராமிரெஸ், பெய்லாக் வெளியிட்டார்கள். மறுசோதனையில் அதே பலன் கிட்டவில்லை. ஆகையால் இதை மருந்தாக நம்ப வேண்டாம். மனம் லேசாகும் என்று தோன்றும் பிள்ளை செய்து பார்க்கலாம்.

இந்த ஒரு தேர்வோடு எல்லாம் முடிந்தது என்ற எண்ணத்தையும் மாற்ற வேண்டும். மத்திய இடைநிலைக் கல்வி வாரியமே 2026 முதல் பத்தாம் வகுப்புக்கு ஆண்டில் இரண்டு பொதுத்தேர்வு வைத்திருக்கிறது. இரண்டாவதில் மூன்று பாடங்கள் வரை மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ள முயலலாம்.

பிள்ளை தூங்காமல், சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் ஒதுங்கினாலோ, "நான் இல்லாட்டி நல்லது" என்ற ரீதியில் பேசினாலோ, 'பரீட்சை முடியட்டும்' என்று காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். எந்த மாநிலத்தில் இருந்தாலும் தமிழ் வேண்டும் என்று கேட்கலாம். நம் பிள்ளைகள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ பேசிவிடுவார்கள். தமிழ் மட்டும் தெரிந்த தாய்மார்களும், பாட்டிமார்களும்கூடத் தயங்காமல் பேசலாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

தேர்வு நாளில் பிள்ளை வீடு திரும்பியதும், கேள்வித்தாளை வாங்கி மார்க் கூட்டிப் பார்க்க வேண்டாம். அடுத்த தேர்வுக்கு இன்னொரு மூட்டை ஏறும். கை கால் கழுவச் சொல்லிச் சோறு போடுங்கள். மற்றதை அதுவே சொல்லும்.