கைப்பிடிச்சுவரும் தலைக்கவசமும்



உபாகமம் 22-ஆம் அதிகாரத்தில் ஒரு சிறிய கட்டளை உண்டு. புது வீடு கட்டுகிறவர் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும். இல்லாவிட்டால் அங்கிருந்து விழுகிறவரின் பழி வீட்டுக்காரரைச் சேரும். விழுந்தவரின் கவனக்குறைவைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. கட்டினவரின் கடமையே சொல்லப்படுகிறது.

பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுக்கும் நமக்கும் இது பொருந்தும். தமிழக அரசு 11-ஆம் வகுப்பு மாணவ மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்குகிறது. சபைகளும் ஏழைப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுப்பதுண்டு. நல்ல காரியம். ஆனால் அதோடு தலைக்கவசமும் கொடுப்பவர் மிகச் சிலரே. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு மோட்டார் சைக்கிளில் செல்வோருக்கே கவசத்தைக் கட்டாயமாக்குகிறது. சைக்கிளைப் பற்றிச் சொல்லவில்லை. சட்டம் கேட்காததை அன்பு செய்ய வேண்டும்.

கவசம் எப்படிக் காக்கிறது? தலை தரையில் மோதும்போது, உள்ளேயிருக்கும் மென்மையான மூளை மண்டையோட்டின் உட்புறத்தில் இடிபடுகிறது. கவசத்தினுள் இருக்கும் தெர்மகோல் போன்ற நுரை நசுங்கி, அந்த வேகத்தைத் தாங்கிக்கொள்கிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 40 ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியிட்ட முடிவின்படி, கவசம் அணிந்தவர்களுக்குக் கடுமையான தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு 69 சதவீதம் குறைவு.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. புருவத்திற்குச் சற்று மேலே தையல் டேப்பைத் தலையைச் சுற்றிப் பிடித்து, சென்டிமீட்டரில் அளவெடுங்கள். வளரும் பிள்ளை என்று சட்டையைப் பெரிதாக எடுப்பதுபோல் கவசத்தை எடுக்கக்கூடாது.

2. உள்ளே இ.என். 1078 அல்லது சி.பி.எஸ்.சி. என்ற தரக்குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

3. பழைய கவசம் வேண்டாம். ஒருமுறை நசுங்கிய நுரை மீண்டும் பழைய நிலைக்கு வராது. வெளியே கீறல் இல்லாவிட்டாலும், பலமாக அடிபட்ட கவசத்தை மாற்றிவிட வேண்டும்.

அணியும் விதமும் முக்கியம். கவசத்தின் முன்விளிம்பு புருவத்திற்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் நேராக நிற்கட்டும். பின்னால் சாய்ந்தால் நெற்றிக்குக் காவல் இல்லை. இருபுற வார்களும் காதுக்குச் சற்றுக் கீழே ஒன்றுசேர வேண்டும். தாடைவாரைப் பூட்டினபின் ஒரு விரல், மிஞ்சினால் இரண்டு விரல் நுழையும் இடமே போதும். பூட்டாத கவசம் மோதலுக்கு முன்பே கழன்று ஓடிவிடும். உச்சியில் கொண்டை போட்டால் கவசம் சரியாக அமராது. பெண் பிள்ளைகள் சடையைக் கழுத்தருகே தாழ்த்திப் பின்னிக்கொள்ளலாம்.

தலைக்காயத்தோடு வருகிறவர்களுக்காக வார்டில் ஜெபிக்கிறோம். மருத்துவர்கள் இரவும் பகலும் பாடுபடுகிறார்கள். உயிர் பிழைத்தும், படித்த பாடமும் வீட்டாரின் முகமும் மறந்துபோகும் பிள்ளைகள் உண்டு. சேதப்பட்ட மூளையை முழுவதுமாகச் சீராக்குவது பல வேளைகளில் எங்கள் கையில் இல்லை.

ஆகையால் அன்பானவர்களே, அடுத்த முறை ஒரு பிள்ளைக்குச் சைக்கிள் கொடுக்கும்போது கவசத்தையும் சேர்த்துக் கொடுங்கள். கொடுத்த கையாலேயே வாரைச் சரிசெய்து பூட்டிவிடுங்கள். உங்கள் காணிக்கைகளால் இங்கே அநேகர் சுகம் பெறுகிறார்கள். ஒரு பிள்ளை இங்கே வரத் தேவையில்லாமல் பத்திரமாக வீடு சேர்வதும் அதே ஊழியத்தின் பலன்தான்.

கர்த்தர் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் காப்பாராக.

இறைப்பணியில்,
மருத்துவமனைப் போதகர்