சத்தத்தை விசாரித்த பிறகே ஸ்பேனரை எடுங்கள்

1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான மொரிஸ் மைனர் இலங்கை வீதிகளில் இன்னும் ஓடுகிறது. 1990களில் அதன் உதிரிப்பாகங்கள் சில இந்த நாட்டிலேயே தயாராயின. அத்தகைய காரின் என்ஜினைப் பிரித்து, சிலிண்டர் கடைந்து, புது பிஸ்டனும் பெயாரிங்கும் போட்டுப் பூட்டிய பிறகு ‘டக் டக்’ என்று கேட்டால் மனம் பதறும். கனமூலை போன்ற கரையோர ஊரிலிருந்து பாகம் தேடிக் கொழும்புக்குப் போவதென்றால் நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம். அதனால்தான் என்ஜினை மறுபடி இறக்குவதற்கு முன் சத்தத்தை முறையாக விசாரிக்க வேண்டும் என்கிறேன்.

முதல் தடயம் தாளம். கேம் ஷாஃப்ட் சுற்றுவது கிராங்க் ஷாஃப்டின் பாதி வேகத்தில். என்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடினால் ஒரு வால்வு 400 முறைதான் திறக்கும். மெல்லிய, நிதானமான ‘டிக் டிக்’ என்றால் டப்பட் இடைவெளியைச் சந்தேகிக்கலாம். ஓடும்போதே அந்த இடைவெளியில் பீலர் கேஜைச் செருகிச் சத்தம் நின்றால் சந்தேகம் உறுதி. இரண்டாவது தடயம் சூடு. குளிரில் தட்டி, சூடானதும் அடங்கினால் பெரும்பாலும் பிஸ்டன் சிலிண்டர் சுவரில் மோதுகிறது. மூன்றாவது சுமை. ஒரு சிலிண்டரின் பிளக் மின்சாரத்தைத் துண்டித்ததும் கனத்த தட்டல் குறைந்தால், அந்தச் சிலிண்டரின் கனெக்டிங் ரொட் பெயாரிங்கையே முதலில் பார்க்க வேண்டும்.

அனுபவமுள்ள பாஸின் காது போதாதா என்று கேட்கலாம். அந்தக் காது மதிப்புமிக்கதுதான். ஆனால் இரும்பு வழியே சத்தம் பரவுவதால், பிறந்த இடம் ஒன்றாகவும் கேட்கும் இடம் வேறாகவும் இருக்கும். எக்ஸ்ஹோஸ்ட் கேஸ்கட்டில் காற்றுக் கசிந்தாலும் டப்பட் போலவே ஒலிக்கும். பிஸ்டனும் ரொட்டும் எரியும் வீச்சில் மட்டும் தட்டினால் அவற்றின் தாளமும் பாதி வேகமாகிவிடும். ஆகவே ஒரு தடயத்தை மட்டும் நம்பக்கூடாது. ‘புது என்ஜின், ஓட ஓடச் சரியாகும்’ என்பது இன்னொரு வாதம். ஓட்டத்தில் பிஸ்டன் ரிங் படியும். தளர்ந்த பெயாரிங் இறுகாது. சத்தத்தை மறைக்க டப்பட்டை இறுக்கினால் வால்வு முழுதாக மூடாமல் கருகிப்போகும்.

பிந்தைய மைனர்களில் எண்ணெய் அழுத்தத்துக்கு எச்சரிக்கை விளக்கு மட்டுமே உண்டு; அழுத்தம் மிகவும் தாழ்ந்த பிறகே அது எரியும். எனவே முதல் ஓட்டத்திலேயே அழுத்தமானி ஒன்றைப் பொருத்துங்கள். அழுத்தம் குறைந்து கனத்த தட்டலும் கேட்டால் என்ஜினை அக்கணமே நிறுத்துங்கள்.